வரைபடத்தில் ஒரு வளைவு

ஊத்துக்குளி தாண்டித் தார் முடிகிற இடத்தில்
டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவோம்.
அதற்கப்புறம் சரளை.
சக்கரத்துக்கடியில் யாரோ பொரிகடலை மெல்லும் சத்தம்.

மேடேறினால் சென்னிமலை தெரியும்
பள்ளத்தில் இறங்கினால் ஒளிந்துகொள்ளும்
மறுபடி மேடேறும்போது
இடது தோளில் இருந்தது
முதுகுக்கு வந்திருக்கும்.

களத்தில் தேங்காய்ப் பருப்பு காயும் வாசனை
அரைக் கிலோமீட்டருக்கு முன்பே எதிர்கொள்ளும்.
பிறகு இட்டேரி.
இரண்டு பக்கமும் கிளுவை வேலி,
ஹேண்டில்பாருக்கு மேல் ஒரு முழம்தான் மிச்சம்.
கௌதாரி ஒன்று முன்னால் ஓடும், ஓடும்,
தனக்குப் பறக்கவும் தெரியும் என்பது
கடைசியில்தான் அதற்கு ஞாபகம் வரும்.

போன ஐப்பசியில்
காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு ஒன்றை ஒட்டி
வெள்வேலமுள் ஏறியது.
டயருக்குள்ளிருந்த வெள்ளைத் திரவம்
கள்ளிப்பால்போல் கொப்பளித்து
தானே அடைத்துக்கொண்டது.

அதைப் பார்த்துத்தான் படலைத் தள்ளிக்கொண்டு வந்தாள்
வஞ்சிக்கொடி. என் வயதிருக்கும்.
பின்னால் பதினேழு செம்மறி.
"ரத்தம் வந்து தானா நிக்குதுங்களே" என்றாள்,
என்னிடம் அல்ல, வண்டியிடம்.
அப்புறம்தான் என்னிடம்:
"என்ன வெலைங்க இது?"

திருப்பூரில் காஸ்டிங் போடுவது என் வேலை.
ஒரு பனியனுக்கு
நூல் என்ன, சாயம் என்ன,
கழுத்துப்பட்டியில் லேபிள் தைக்கிற கூலி என்ன,
பைசா சுத்தமாய்ச் சொல்வேன்.

"பதினஞ்சாயிரம்" என்றேன்.

ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம்.
பெடல் தனி.

சந்தையில் கிடாயைத் தூக்கிப் பார்ப்பதுபோல்
ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள்.
"இந்தக் கல்லுல
எம்பட சைக்கிளத் தள்ளிட்டுத்தான் போறனுங்க சொசைட்டிக்கு,
ரெண்டு கேன் பாலோட.
இதுன்னா உருளும்.
தையில சீட்டு எடுக்கறேன்,
எனக்கும் ஒண்ணு வாங்கியாங்க."

"சரிங்க."
அது இரண்டாவது பொய்.

போகும்போது படலைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னாள்.
சாத்தினேன்.
கயிற்றைக் கொம்பில் மாட்டி, ஒருமுறை இழுத்தும் பார்த்தேன்.
அங்கே நான் ஒழுங்காய்ச் செய்தது அது ஒன்றுதான்.

தை பிறப்பதற்குள்
வழித்தடத்தைத் திருத்திவிட்டேன்.
பி.ஏ.பி. வாய்க்கால் மேட்டோடு
ஒன்றே முக்கால் கிலோமீட்டர் அதிகம்,
நிழல் கிடையாது,
எதிர்காற்று வேறு.
கைபேசியில் விரித்துப் பார்த்தால்
நேராக வந்துகொண்டிருக்கும் சிவப்புக் கோடு
கடன் கொடுத்தவனைக் கண்டு சந்தில் திரும்புகிறவன்போல்
அந்த இடத்தில் மட்டும் ஒதுங்கும்.

நவநீதன் கேட்டான், எதற்கு இந்தச் சுற்று?
"அந்தப் பக்கம் சரளை சரியில்லை."
மூன்று.

இருபது பேர் இரண்டு மாதமாய்
என் பொய்யைச் சுற்றி மிதித்தார்கள்.
சிலர் வாய்க்கால் தண்ணீரைப் படமெடுத்து
நல்ல வழி என்றுகூடச் சொன்னார்கள்.

மாசியில் புதிதாய்ச் சேர்ந்த கிரிதரன்
யாரிடமிருந்தோ பழைய கோட்டை வாங்கிவைத்திருந்தான்.
எங்களுக்குப் பத்து நிமிடம் முன்பே
டீக்கடையில் உட்கார்ந்திருந்தான்,
சட்டையெல்லாம் புழுதி,
முகமெல்லாம் சிரிப்பு.
"சூப்பர் ரோடுங்க. எதுக்குச் சுத்தறீங்க?
படல்கிட்ட ஒரு அக்கா நிறுத்தினாங்க.
சீட்டு எடுத்தாச்சாம்.
படலைச் சரியாச் சாத்திட்டுப் போற அம்மணிகிட்ட
சொல்லச் சொன்னாங்க."

வடையைப் பிட்டேன்.
"நீ எவ்வளவு சொன்னே?"

"எது எவ்வளவு?"

"வண்டி."

"அவுங்க கேக்கவே இல்லீங்க.
வெல தெரியும்னாங்க."