திருமேனி, வயது 52

மன்னார்குடி பந்தலடியில் உரக்கடைக்கு மேல்மாடி.
யூரியா வாடை படியேறி வரும் அறையில்
உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின்
வலைத்தளத்துக்கு எழுத உட்கார்ந்தேன்.

யாருக்கு எழுதுகிறாய்,
முதலில் அந்த ஆளை உண்டாக்கு
என்றார்கள் சென்னையிலிருந்து.
உண்டாக்கினேன்.
திருமேனி. வயது ஐம்பத்திரண்டு.
ஐந்து ஏக்கர், ஆற்றுப் பாசனம், ஒரு போர்.
மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டு.
வலது முழங்காலில் வலி
(தேவையில்லைதான், ஆனாலும் கொடுத்தேன்).
படத்துக்குத் தேடியபோது
தலைப்பாகையோடு ஒருவர் சிரித்தார்.
அவர் முதுகுக்குப் பின்னால்
அடிவானம் வரை கோதுமை.

திருமேனி காபி குடித்துவிட்டு
நிதானமாக எங்கள் வரலாற்றைப் படிப்பார்.
தலைவர் பக்கிரிசாமியின் வாழ்த்துரையைக்
கடைசி வரிவரை படிப்பார்.
'எங்கள் தொலைநோக்கு' என்பதைத் தொட்டு
உள்ளே போவார்.
நான் தட்டிய அந்த ஒற்றைப் பக்கத்தில்
ஒருநாளும் மழை பெய்யவில்லை.

தையில் பெய்தது. பருவம் தப்பி, மூன்று நாள்.

அலுவலகத் தொலைபேசிக்குப் பக்கத்தில்
நூலில் கட்டிய நோட்டு ஒன்று தொங்கும்.
யாரும் சொல்லாமலே நீலமேகம்
அழைப்புகளை அதில் குறித்து வைப்பார்.

இரவு 9.40. கோட்டூர். ஈரம் எத்தனை வரை எடுப்பார்கள்.
10.15. அதே அம்மா. அதே கேள்வி.
விடிகாலை 4.50. இடும்பாவனம். இன்றைக்குத் திறப்பார்களா.
5.10. சாக்கு உண்டா.
5.20. பெயர் சொல்லவில்லை. அழுதார். வைத்துவிட்டார்.

மூன்று வருட நோட்டு.
எங்கள் தொலைநோக்கைப் பற்றி
ஒருவர்கூடக் கேட்கவில்லை.

'அதே அம்மா'வைத் தேடிப் போனேன்.
சம்பூரணம். நாலு மா குத்தகை.
சிட்டா வேறொருவர் பேரில்.
கொள்முதல் நிலைய வாசலில் நெல்,
நெல்லின்மேல் தார்ப்பாய்,
காற்றுக்குத் தூக்காமலிருக்க
தார்ப்பாயின் ஓரத்தில் அவர்.
போன் திருப்பூர் போன மகன் விட்டுச்சென்றது.
விரிசலுக்கு மேலே மூன்று வரிதான் தெரியும்,
அதையும் எழுத்துக் கூட்டித்தான்.
"ஒங்க கம்ப்யூட்டருக்கு வாய் நீளம் பாப்பா.
நாளைக்குத் தொறக்குமா, தொறக்காதா?
அத மொதல்ல சொல்லச் சொல்லு."

முத்துப்பேட்டையில் ஜெகபர் அலிக்கு ரீசார்ஜ் கடை.
சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது.
எங்கள் பக்கத்தைத் தினம் திறப்பவர் அவர்தான்;
கடைப்பலகைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு
உரக்க வாசித்துக் காட்டுகிறார்.
'மேற்குறிப்பிட்ட நடைமுறைகளுக்கு உட்பட்டு' என்ற இடத்தில்
அவருக்கு மூச்சு முட்டியது.
அங்கேயே நின்று வெட்டினேன்.

திரும்பும் பேருந்தில் ஒன்று உறைத்தது:
வாழ்த்துரை தலைமடையில் உட்கார்ந்து
வந்த தண்ணீரையெல்லாம் குடித்துவிடுகிறது.
சம்பூரணம் இருப்பது கடைமடை.

முகப்பில் இப்போது நான்கே வரி.
இன்று திறந்திருக்கும் நிலையங்கள்.
ஈரப்பதம் எத்தனை வரை.
சாக்கு இருப்பு.
குத்தகைக்காரர் என்ன தாள் கொண்டுவர வேண்டும்.
விடிகாலை நாலரைக்கு நீலமேகம் மாற்றிவிடுவார்.
பக்கிரிசாமி இரண்டு நாள்
என்னோடு பேசவில்லை.

திருமேனியை அழிக்கத்தான் கோப்பைத் திறந்தேன்.
பாவம், கோதுமைக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்தார்.
ஒரு வரி சேர்த்து மூடினேன்:
ஐந்து ஏக்கரில் மூன்று சாய்ந்துவிட்டது.

சுவரில் சம்பூரணத்துக்கு ஒரு தாள்,
ஜெகபருக்கு ஒரு தாள்.
மூன்றாவதில் 5.20 என்று மட்டும்.
வயது தெரியாது. ஊர் தெரியாது.
அவருக்கு என்ன எழுதுவதென்றும் தெரியவில்லை.
தொலைபேசி எண்ணை மட்டும்
இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி வைத்திருக்கிறேன்.