எண்பது பிரதிகள்

கொக்குவில் சந்தி. பின்னேரம் நாலு இருபது.
எட்டாம் ஆண்டு ரியூசனுக்கு
எண்பது பிரதி வேணுமாம்.
ஒரே தாள்: இங்கிலீஸ் இலக்கியச் சொல் பதினொன்று.

மெஷினின் பச்சை வெளிச்சம்
வரிவரியாய்த் தடவிப் போகுது.
சிமிலி எண்டால் ‘போல’ வேணும்.
மெற்றபருக்கு அதுவும் தேவையில்லை,
நீ வெயில் எண்டு நேரேயே சொல்லலாம்.
உயிரில்லாததை ஆளாக்கிறதுக்கும் ஒரு நீட்டுப் பேர் கிடக்கு;
இந்த மெஷின் தாளைச் சப்பித் துப்பேக்கை
மூதேவி எண்டு நான் ஏசுறது அதுதான் போல.
ஒனொமற்றோ...
மிச்சம் வாய்க்குள்ள அடங்கேல்லை.
சத்தமே சொல்லாகிறதாம்.
சடக். சர்ர்ர். சடக்.
நாப்பத்திமூண்டு. நாப்பத்திநாலு.

எண்பதும் முடியத்தான் கண்டன்.
கடைசிச் சொல் ஐரனி.
கருத்து இருந்த இடத்தில
ஆரோ தேத்தண்ணிக் கோப்பை வைச்சிருக்கினம்.
எண்பது தாளிலும்
ஒரு கறுத்த நிலா.

சற்குணராசா சேர் போன் எடுக்கேல்லை.
தாள் விற்கிற விலைக்குத் திரும்ப அடிக்கேலாது.
போனில தேடி, எழுத்தெழுத்தாய்ப் பார்த்து,
நிலாவுக்குக் கீழ
நீலப் பேனையால எழுதத் தொடங்கினன்:
நினைச்சது ஒண்டு, நடந்தது நேர்மாறு.

ஓ எல் இங்கிலீசில எனக்கு
மூண்டு தரமும் டபிள்யூ.

அறுபத்தாறாவது தாளில கை உளைஞ்சுது.
எடுக்க வந்த பெடியன் ஒண்டை உருவிப் பார்த்து
“வடிவான எழுத்து, ஆர் எழுதினது?” எண்டான்.

மெஷின் எண்டன்.