ஈரக்கழிவு

சிவனொளிபாத சீசன் முடியும்வரை
மஸ்கெலியா நீர்த்தேக்கக் கரையில்
ஞாயிறுதோறும் சந்தை.
தண்ணீர் இறங்கிய சேற்றில் பலகை போட்டு
பீட்ரூட், பிரம்புத் தட்டு,
தேயிலை வேரில் செதுக்கிய வாத்து.
வாத்துக்கு விலை கேட்டேன்,
கழுத்தைத் தடவிவிட்டு வைத்துவிட்டேன்.

லீக்ஸ் நன்றாயிருந்தது.
நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன்:
புவனலோஜினி. ஏழாம் நம்பர் மலை.
வாரத்தில் ஆறு நாள் அவள் கொழுந்தை
நான்தான் நிறுக்கிறேன்.
ஈரத்துக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒன்று
என்று கழித்தெழுதும் கை
இப்போது பையை விரித்துப் பிடித்திருந்தது.

தராசை என் பக்கம் திருப்பினாள்.
தண்ணீர்க் காற்றில் முள் ஆடியது.
அடங்கும்வரை அவளும் பேசவில்லை, நானும்.

"ஒண்ணேகால். காலையில கழுவுனது, ஈரம் இருக்கு.
கழிச்சு ஒரு கிலோன்னே போட்டுக்கிறேன், ஐயா."

குத்தலா என்று முகத்தில் தேடினேன்.
அவள் சில்லறை தேடிக்கொண்டிருந்தாள்.

பஸ் வர நேரமிருந்தது.
கரையோரம் போய்
லீக்ஸ் கட்டைத் தலைகீழாகப் பிடித்து உதறினேன்,
பலமாக, இரண்டு தடவை.

ஆறேழு சொட்டு விழுந்தது.