கையில் ஒன்று

மான்டெவிடியோவில் ஜூலை. குளிர்.
ஆறா கடலா என்று இன்னும் முடிவாகாத தண்ணீரிலிருந்து
காற்று வந்து ஜன்னலை ஆட்டுகிறது.
ஹிமேனா இன்று தன் வகுத்தலை அழிக்கப்போகிறாள்.

ஒன்பது வருடத்து வகுத்தல்.
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வரி.
எங்கள் சின்ன மொழியில் எண்களுக்கு
வேலி இருக்கக் கூடாதென்று அவளே எழுதியது.
ஆயிரம் இலக்கம் கேட்டால் ஆயிரம்,
லட்சம் கேட்டால் கொஞ்சம் முனகிவிட்டு லட்சம்.

மார்ச்சில் பைசாந்தூவிலிருந்து ஒருவர் எழுதினார்:
இந்த எண்ணை இந்த எண்ணால் வகுத்தேன்,
வகுத்த எண்ணைவிட மீதி பெரிதாக வருகிறது.
அவ்வளவுதான் கடிதம்.

மூன்று ராத்திரி தேடினோம்.
யூகித்த ஈவு ஒன்று கூடிப்போனால்
திரும்பக் கூட்டிச் சரிசெய்ய ஒரு கிளை உண்டு.
இருநூறு கோடி தடவைக்கு ஒருமுறைதான்
அதற்குள் கால் படும்.
அங்கே,
கையில் ஒன்று என்று பள்ளியில் சொல்வோமே,
அந்த ஒன்றை
அவள் கீழே போட்டிருந்தாள்.

வேறு கண்டத்தில் யாரோ
பெருக்கலே பிழைப்பாக இருந்து தீட்டிய லைப்ரரி ஒன்று
இலவசமாகக் கிடந்தது.
வாஷிங்டன் (ஊரல்ல, ஆள்; இங்கே அப்படியும் பெயர் வைப்பார்கள்)
மாத்தே உறிஞ்சிக்கொண்டே எதிர்த்தான்:
நினைவகம் தீர்ந்தால் அது நம்மிடம் சொல்லாது,
நம்மையும் கொன்றுவிட்டுச் சாகும்.
சோறில்லை என்றதும் வீட்டைக் கொளுத்துகிற விருந்தாளி.
உரிமத்தைப் படித்தாயா, பதினோரு பக்கம்?
இரண்டும் மூன்றும் கூட்டவும்
இனி அடுத்த வீட்டு வாசலில் நிற்பதா?

அதற்கில்லை என்று முடிவானது.
அறுபத்திரண்டு பிட்டுக்குள் அடங்குகிறவை
வீட்டிலேயே இருக்கும்.
பெருத்தவை வெளியே போகும்.

நேற்று இரண்டையும் ஓட்டிப் பார்த்தோம்.
பத்து லட்சம் இலக்கம், பெருக்கல்.
எங்களுடையது முடிவதற்குள்
ஹிமேனா எழுந்துபோய் வெந்நீர் வைத்துத் திரும்பிவிட்டாள்.
அதனுடையது,
விசையிலிருந்து விரல் எழுமுன்.
வாஷிங்டன் "சே" என்றான்.
அவன் மொழியில் அது ஆளைக் கூப்பிடும் சொல்.
எனக்கு அப்படிக் கேட்கவில்லை.

இப்போது அழித்துவிட்டாள்.
திரையில் பச்சையில் இருநூற்றுத் தொண்ணூறு,
சிவப்பில் நாலாயிரத்துச் சொச்சம்.
"கடன் வாங்கித்தானே கழிக்கணும்" என்றாள்,
சிரிக்காமல்.

பைசாந்தூக்காரரின் அந்த இரண்டு எண்களை மட்டும்
சோதனைக் கோப்பில் விட்டுவைத்திருக்கிறாள்.
ஓட்டினாள்.
மீதி சின்னதாக, ஒழுங்காக வந்தது.

இன்னொருமுறை ஓட்டினாள்.