வெளிச்சச் சோதனை

கப்பல் பார்த்ததில்லை நான்.
ராணிப்பேட்டை சிப்காட்டில்
காலணித் தொழிற்சாலையின் சரக்கு மேடையில்
கன்டெய்னர் பின்பக்கமாய் வந்து ஒண்டும்போது
எனக்குத் துறைமுகம் தொடங்கிவிடும்.

கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால்.
அதன் சட்டம் மட்டும் முன்கூட்டியே வந்து
என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் படுத்திருக்கிறது:
முன்சுவர் இடச்சுவர் வலச்சுவர் தரை கூரை
கதவின் உள்ளும் புறமும், அடிப்பாகம்.
ஏழையும் தட்டிப் பார்.
போலிச் சுவர் வேறு குரலில் பேசும் என்றார்
பயிற்சி கொடுக்க வந்தவர்.
"பலாப்பழம் வாங்கத் தெரியுமில்ல? அவ்ளோதான்."

கடைசியாக வெளிச்சச் சோதனை.
ஒருவர் உள்ளே போக,
வெளியிலிருந்து கதவு சாத்தப்படும். ஐந்து நிமிடம்.
எங்கிருந்தாவது வெளிச்சம் வந்தால் எழுத வேண்டும்.
உள்ளே போகிறவர் பெயருக்குத் தனிக் கட்டம்.
பதினொரு மாதமாக அதில்
ந. தில்ஷாத், ந. தில்ஷாத், ந. தில்ஷாத்.
ஆண்களுக்கு மூச்சு முட்டுகிறதாம்.

சித்திரை வெயில், பன்னிரண்டே கால்.
சோளிங்கர் பூங்காவனம் அண்ணன்
மாதவரம் யார்டில் இரண்டு ராத்திரி காத்துக் கிடந்து
இழுத்து வந்த பெட்டி.
உள்ளே போனேன். தாவீது தாழ் போட்டார்.
வாணலிக்குள் விழுந்த மாதிரி இருந்தது.
கண் பழகட்டும் என்று நின்றேன்.

இடச்சுவரில் மார்பு உயரத்தில்
எள்ளளவு ஒரு துளை.

அதன் எதிர்ச்சுவரில், மங்கலாக,
வெளியே இருந்ததெல்லாம்.
தரை மேலே. வானம் என் முழங்காலருகே.
எடைமேடைக் கொட்டகை வௌவாலாய்த் தொங்க
பூங்காவனம் அண்ணன் கூரையில் நடந்து வந்தார்,
தோள் துண்டு நழுவவில்லை.
பாட்டிலை உயர்த்தி அண்ணாந்து குடித்தார்;
தண்ணீர் மேல்நோக்கி அவர் வாய்க்குள் ஏறியது.
சட்டைக்குள் வியர்வை ஓடுவதை
மறந்துபோயிருந்தேன்.

தாவீது தகரத்தில் தட்டினார்.
"மேடம்? இருக்கீங்களா? எட்டு நிமிசம் ஆவுது."

வெளிச்சம்: ஆம் / இல்லை.
ஆம் என்பதை வட்டமிட்டேன்.
குறிப்பு என்று ஓர் அங்குலம் விட்டிருந்தார்கள்.
எள்ளளவு, இடச்சுவர், என்று மட்டும் எழுதினேன்.

"எள்ளு சைஸுக்காம்மா?
எம்-சீல் வச்சி அடைச்சிட்டா போவுது."
சுண்டுவிரல் நகத்தை வைத்துப் பார்த்தார், நுழையவில்லை.
"இதுல இன்னா போவும் சொல்லு, கொசுவா?"
"மழை போகும்ண்ணே. மூணு வாரம் கடல்ல."
ராணிப்பேட்டை வானத்தை ஒருமுறை பார்த்தார்,
ஒரு மேகமில்லை.
சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

காலி வண்டிக்குப் பேட்டா கிடையாது.
படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி,
படிக்காமல், நாலாய் மடித்து
பீடிக் கட்டோடு வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் இரவு வேறு பெட்டியோடு அவரேதான்.
இரவில் சூரியனுக்குப் பதில் ஃப்ளட் லைட்,
பக்கத்துக்கு இரண்டு. சட்டத்தில் இருக்கிறது.
உள்ளே நின்றேன்.
நான்கு மூலையும் தேடினேன்,
ஐந்து நிமிடமும் தேடினேன்,
தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.
ஒன்றுமில்லை. மை.

அறுநூற்று நாற்பது அட்டைப்பெட்டி ஏறியது.
சீல் ஆணி உள்ளே போய் 'டக்'கென்றது;
அதற்குச் சாவி கிடையாது,
இனி வெட்டித்தான் எடுக்க வேண்டும்.
எண்ணை நான் வாசிக்க, அவர் திருப்பிச் சொல்ல,
தாவீது எழுதினார்.
ஏழா ஒன்றா என்று ஓரிடத்தில் நின்றோம்.
டார்ச் அடித்துப் பார்த்தோம். ஏழு.

ஏறி உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்துமுன் கேட்டார்:
"இன்னிக்கி இருட்டு எப்டிம்மா இருந்திச்சி?"
"நல்லா இருந்துச்சுண்ணே."

வாலாஜா சாலைப் பக்கம்
சிவப்பு விளக்கு இரண்டும் திரும்பின.
படிவம் மூன்று நகல்.
மஞ்சள் எனக்கு.