செக்குபந்தி

பக்கத்துக்கு முந்நூற்றைம்பது.
அவசரமென்றால் நூறு கூட.
கலெக்டர் ஆபீசுக்கு எதிர்மாடியில்
பத்திரம் எழுதுகிறேன், மொழிபெயர்க்கிறேன்.
விவாகரத்துத் தீர்ப்பு, பத்தாம் வகுப்புச் சான்று,
செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைகளின் வாடகைச் சண்டை,
எல்லாம் இந்த மேசையில்தான் இங்கிலீசாகும்.

மாதேஸ்வரன் கொண்டுவந்தது ஒரு கட்டைப் பை நிறைய.
ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலை,
ஏற்காட்டில், செம்மடுவில், ஒன்பது ஏக்கர் காபி.
"பணம் எப்படி வந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியணுமாம்."
அவங்க என்றால் போர்ச்சுகல்.

எழுதினேன்.
பாயிண்ட் பார்த்துக் கிழங்கெடுத்த கணக்கு,
களத்தில் மாவு காயாத ஒரு கார்த்திகை,
மகாராஷ்டிரத்தில் விரத மாதம் வந்தால்
இங்கே மூட்டை விலை ஏறும் விவரம்.
யாரோ பட்டினி கிடந்து சேர்ந்த பணம்
என்று எழுதவில்லை. நினைத்தேன்.

தோட்டத்துக் கிரயப் பத்திரத்தில் மாட்டிக்கொண்டேன்:
'மாவடை மரவடை திட்டு திடல்
நிதி நிட்சேபம் ஜலம் தரு பாஷாணம் சகலமும்.'
புதையலையும் பாறையையும்
ஓடாத தண்ணீரையும் சேர்த்து வாங்கியதை
லிஸ்பனில் எந்தக் குமாஸ்தா நம்புவார்?
இங்கிலீசில் இரண்டே சொல்லில் முடித்துவிட்டேன்.
அந்தப் பக்கத்துக்கும் முந்நூற்றைம்பதுதான்.

தலைக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு.
அவர் கணக்கிலிருந்து பாதி,
சாரதாமணி கணக்கிலிருந்து பாதி.
வருஷத்துக்கு ஏழு நாள் அங்கே இருந்தால் போதுமாம்.
எங்கள் குலதெய்வத்துக்குக்கூட
நாங்கள் அவ்வளவு நாள் கொடுத்ததில்லை.

மொழிப் பரீட்சைக்கு அந்தம்மா படித்தது
மலையேறும் காரில்.
கொண்டை ஊசி ஒன்றுக்கு ஒரு சொல்.
இருபதாவது வளைவில் 'ஒப்ரிகாதா'.
பாஸ். அவரும் பாஸ், இரண்டாம் தடவையில்.

எட்டு வருஷம் கழித்து
முனை வெட்டிய பழைய பாஸ்போர்ட்டோடு வந்து உட்கார்ந்தார்.
இங்கே ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட வேண்டும்.
"தோட்டம் இருக்கட்டும்னுட்டாங்க.
இனிமே ஒரு சென்ட் வாங்க முடியாது."
சொல்லிவிட்டு ஃபேனைப் பார்த்தார்.

அந்த மாதம்தான்
பாக்கியநாதன் வீட்டார் விற்கக் கிளம்பினார்கள்,
தெற்குப் பக்கத்து அரை ஏக்கரை.
உள்ளே சித்திரையிலும் வற்றாத சுனை.
இருபது வருஷமாக இவர் கேட்டுக்கொண்டிருந்த இடம்.

"உங்க பேர்ல போட்டுக்கலாமா மேடம்?"

சொல்கிறேன், மறைப்பானேன்:
ஒரு ராத்திரி முழுக்க அந்தச் சுனை என் பெயரில் ஊறியது.
காலையில் போன் செய்து
முடியாது என்றேன். அவர் கோபிக்கவில்லை.
"அதுவும் சரிதான்" என்றார்,
ஏதோ விலாசம் தப்பி வந்தவர் போல.

வாங்கியது சடையன்.
அவர் தோட்டத்திலேயே சில்வர் ஓக்கில் ஏணி சாய்த்து
மிளகு பறிக்கிறவர்.
மகள் குவைத்தில் நர்ஸ், பதினோரு வருஷம்,
வருஷத்துக்கு முந்நூற்று முப்பது நாள்.
அந்த நாடு அவளை ஒருநாளும்
தன்னவள் என்று சொல்லப்போவதில்லை.
பணத்தை மட்டும் அனுப்பவிட்டது.

முத்திரைத்தாளில் சுனையை எழுதினேன்.
இந்த முறை ஒரு சொல்லும் விடாமல்,
நிதி நிட்சேபம் ஜலம் தரு பாஷாணம்.
பிறகு எல்லைகள்:

இதற்குச் செக்குபந்தியாவது,
பஞ்சாயத்து ரோட்டுக்கு மேற்கு,
ஓடைக்குக் கிழக்கு,
அந்தோணியம்மாள் வகையறா நிலத்துக்கு வடக்கு,
போர்ச்சுகல் நாட்டுக் குடிமகன் மாதேஸ்வரன் அவர்களின்
காபித் தோட்டத்துக்குத் தெற்கு.

வாசித்துக் காட்டினேன்.
கையெழுத்துப் போடுமுன் சடையன் கேட்டார்,
"அந்த நாடு எங்கே இருக்குதுங்க?"

"உங்களுக்கு வடக்கே" என்றேன்.