கடைமடைக் கணக்கு

காலை ஆறு மணிக்கு
மூணாறு தலைப்பில் அளவுக்கல்லைப் படிப்பது என் வேலை.
மேட்டூரில் எத்தனை ஆயிரம் கன அடி என்று
ரேடியோ சொல்லிவிடும்.
இங்கே வந்து சேர்ந்தது எவ்வளவு என்பதைப்
பாசி ஏறிய கல்தான் சொல்ல வேண்டும்.
பதினோரு வருசப் பதிவேட்டில்
இரண்டும் ஒத்துப்போன நாள் ஒன்றுகூட இல்லை.

அந்தப் பழக்கத்தில்தான்
'கருந்தீவு' ஆட்டத்தில் நாற்பது லட்சம் பேர் என்று
கம்பெனி அறிவித்த அன்றைக்கு
கொஞ்சம் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

ரியாசுதீனுக்குப் பொறுக்கவில்லை.
கூத்தாநல்லூரில் செல்போன் கடை.
மாசம் முந்நூற்று நாற்பத்தொன்பது
தேதி தவறாமல் கட்டுகிறவன்.
"செத்த ஆட்டத்துக்கா நான் காசு கட்டுறேன்?
சனிக்கிழமை ராத்திரி துறைமுகச் சந்தையில
நிக்க இடமில்ல. கண்ணு அவிஞ்சு போச்சா?"
குரல் அனுப்பியிருந்தான்.
பின்னால் யாரோ டெம்பர் கிளாஸுக்குப் பேரம் பேசும் சத்தம்.

சந்தையில் நிற்பவர்களைப் பற்றி
எங்கள் அணித்தலைவி அமலோற்பவம் சொல்ல வேண்டும்.
திருத்துறைப்பூண்டிக் கூட்டுறவு வங்கியில்
நகைக்கடன் எழுதுகிறவள்.
"பாதிப்பேர் கடையை விரிச்சுட்டுத் தூங்கப் போனவங்க.
மீதியில ஒரே ஆளுக்கு நாலு பேரு.
வீட்டுக்கு அஞ்சு பாஸ்புக் பார்த்தவ நான்.
கையெழுத்து எல்லாம் ஒண்ணுதான் இருக்கும்."

எண்ணிவிடலாம் என்று முடிவானது.
செவ்வாய்க்கிழமை, ராத்திரி ஒன்றரை.
வெண்ணாறு பிரிகிற மாதிரி
தீவை மூன்றாக்கிக்கொண்டோம்.
வணக்கம் சொல்ல வேண்டும்.
அசைந்தால், பேசினால், திட்டினால் ஒன்று.
சும்மா நின்றால் சேர்த்தி இல்லை.

துறைமுகத்தில் ரியாசுதீன்: அறுநூற்றுப் பதினொன்று.
(அசைந்ததெல்லாம் ஆள் என்றான். கொடியும் அசையும்.)
காட்டில் அமலோற்பவம்: தொண்ணூற்று நான்கு.
என் பங்கு வடகரை, பனிக்கோட்டை.
பதினேழு.

பதினெட்டாவது
உறைந்த ஏரியில் ஓட்டை போட்டுத்
தூண்டிலோடு உட்கார்ந்திருந்தது.
வணக்கம் என்றேன்.
மறுபடியும் வணக்கம்.
ரொம்ப நேரம் கழித்து எழுதினான்:
"நீங்க ஆள்தானா?
எல்லார்கிட்டயும் ஒரே வார்த்தையச் சொல்லிட்டு ஓடுறீங்க.
கோட்டை மேல இருந்து பார்த்தேன்.
கம்பெனி விட்ட பொம்மைங்க இப்படித்தான் செய்யும்."

ஆள் என்பதற்கு
என்ன ஆதாரம் கொடுப்பது?
பேர் சுகுணசீலன், ஊர் நீடாமங்கலம்,
ஷட்டர் ரூம் கட்டிலில் ஒரு கால் ஆடுகிறது,
கொசுவத்தி தீர்ந்துவிட்டது,
மூன்றாவது மதகுக்குக் கீழே ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு
தண்ணீர் இருமுகிறது.
எல்லாவற்றையும் படித்தான்.
"நல்லாத்தான் செஞ்சு வச்சிருக்கானுங்க"
என்று எழுதித் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு
வெளியேறிவிட்டான்.

அவனை நான் சேர்த்துக்கொண்டேன். பதினெட்டு.
அவன் கணக்கில் நான் இல்லை.

விடிவதற்குள் சண்டை வேறு பக்கம் திரும்பியிருந்தது.
இதே தீவு முப்பத்திரண்டு இடத்தில் ஓடுகிறதாம்,
பெருக்கு என்கிறான் ரியாசுதீன்.
கழி என்கிறாள் அமலோற்பவம்.
தொண்ணூற்று நான்கில் மூன்று அவளேதானாம்,
இப்போதுதான் ஒத்துக்கொள்கிறாள்.
பேங்கிலிருந்து எனக்கு ஒரு செய்தி:
முந்நூற்று நாற்பத்தொன்பது எடுத்துக்கொள்ளப்பட்டது.
இதைப் பார்த்திருந்தால் அந்தத் தூண்டில்காரன் நம்பியிருப்பானோ.

ஆறு மணி.
கல்லில் நாலே காலடி.
உதவிப் பொறியாளர் போனில்,
"நாலரைன்னு போட்டுரு சீலா, மேல கேக்குறாங்க."
போட்டேன்.

கோரையாறு போய்ச் சேர்கிற கடைசி வாய்க்காலில்
இந்நேரம் யாராவது குனிந்து பார்த்துக்கொண்டிருக்கலாம்.
செல்போன் துடிக்கிறது.
"பெருக்கிட்டியா, இல்லையா?"